வேன்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் கணவர் கொத்தனார். வயது 41. பத்து வருடமாகக் குடிக்கிறார். இப்போது தினமும் மூன்று குவாட்டர், விடிந்ததுமே தொடங்கிவிடுகிறார். போன ஆடியில் கோயிலில் கயிறு கட்டி நிறுத்தினார். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நாளில் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். இப்போது ஒரு மையத்தின் ஆள் வந்து, ராத்திரி வேனில் தூக்கிப் போய் 90 நாளில் கேரண்டியாகத் திருத்தி அனுப்புவதாகச் சொல்கிறார். 45,000 ரூபாய், முன்பணம் 10,000. அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் பொடி இருக்கிறது என்கிறார் நாத்தனார். எதைச் செய்வது?

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். வேனைவிட, பொடியைவிட, போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது: ‘இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது.’

குடி மூளையை மந்தமாக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்ட முறுக்கேறி ஓடப் பழகிக்கொள்ளும். குடியைச் சட்டென்று நிறுத்தினால் முறுக்கு மட்டும் மிஞ்சும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நான்காம் நாளில் சிலர் சித்தம் கலங்கி, சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். ஒருமுறை வலிப்பு கண்டவருக்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் அவர் வீட்டில் வைத்துக் குடியை நிறுத்தவே கூடாது. கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. கட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். வெறும் குளுக்கோஸும் போதாது. பி1 வைட்டமின் ஊசியை முதலில் போட வேண்டும். அதைப் போடாமல் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

இப்போது அந்த வேனை யோசித்துப் பாருங்கள். ராத்திரி ஏற்றிப் போய் ஓர் அறையில் போட்டுப் பூட்டுவார்கள். இரண்டாம் நாள் வலிப்பு வந்தால் அங்கே ஊசி போட யார் இருப்பார்கள்? அப்படி ஓர் இடத்திலிருந்து நான்காம் நாள் எங்கள் வார்டுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தடம். நாக்கைக் கடித்து உதடெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் மனைவியின் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்த பணரசீது. அதில் தொகை இருந்தது, முத்திரை இருந்தது, ஒரு டாக்டர் பெயர்கூட இல்லை. அவர் பிழைத்தார். எல்லோரும் பிழைப்பதில்லை.

அந்த ஆளிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே? ராத்திரியில் இருக்கும் டாக்டர் யார்? நான் நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாமா? ஒன்றுக்கு மழுப்பினாலும் அனுப்பிவிடுங்கள். கேரண்டி என்று சொன்னாலே அனுப்பிவிடுங்கள், இந்த நோய்க்கு யாரும் கேரண்டி தர முடியாது.

விருப்பமில்லாதவரைச் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அது குடிக்கிறார், அடிக்கிறார் என்பதற்காக மட்டும் திறக்கும் கதவு அல்ல. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை, அதோடு யோசித்து முடிவெடுக்க முடியாத அளவு நோய் முற்றியிருக்க வேண்டும். பிரதிநிதி என்ற முறையில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள்தான். பதிவு பெற்ற இடத்தில்தான். சங்கிலியால் கட்டுவதை இதே சட்டம் தடை செய்கிறது. இதில் வேனுக்கோ, நான்கு தடியர்களுக்கோ எந்த இடத்திலும் அனுமதி இல்லை.

நாத்தனார் சொன்ன பொடி பெரும்பாலும் டைசல்ஃபிரம் மாத்திரையை இடித்ததாக இருக்கும். தெரிந்தே, சம்மதத்தோடு, ரத்தமும் இதயமும் பரிசோதித்துச் சாப்பிட்டால் அது நல்ல மருந்து. தெரியாமல் குழம்பில் போட்டு, அவர் போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் கொடுத்து இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும்.

சரி, அவரை எப்படி அழைத்து வருவது? காலையில் பேசுங்கள், போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். ‘குடியை விடு’ என்று தொடங்க வேண்டாம். முதல் சரக்கு உள்ளே போகும்வரை அவரால் கரண்டி பிடிக்க முடியாது, தூக்குக்குண்டு நூல் ஆடும். அது அவருக்கே அவமானம். ‘கை நடுக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம்’ என்றால் பலர் வருவார்கள். வருவதற்காக முந்தின நாளே குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள், இருக்கிறபடியே கூட்டி வாருங்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்கு வாருங்கள். சிகிச்சை இலவசம். ஆனால் காலை ஓ.பி.யில் டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கும்போதே அவருக்கு நடுக்கம் தொடங்கிவிடும். பாதிப் பேர் அங்கிருந்தே எழுந்து போய்விடுகிறார்கள். மதியம் 12 மணிக்கு எங்கள் ஓ.பி. மூடும் நேரம், அரசின் மதுக்கடை திறக்கும் நேரம். அங்கே ராத்திரி 10 மணிவரை விற்பனை. 2003 முதல் சில்லறை விற்பனையைத் தானே நடத்தி, ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்க்கும் அரசால், குடி நோயாளிக்கு மாலையில் ஒரு ஓ.பி. நடத்த முடியாதா? வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை உங்களுக்கு ஒரு வழி: சீட்டு எழுதும் இடத்திலேயே ‘முன்பு வலிப்பு வந்தவர்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். நிற்க முடியாமல் போனால் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள்.

வார்டில் பத்து நாள் இருந்தால் நடுக்கமும் வலிப்பு ஆபத்தும் அடங்கும். அதோடு குணமாகிவிடாது. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். முதல் மூன்று மாதம் கூலியை அவர் சம்மதத்தோடு நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். குடியிலிருந்து மீண்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது, பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. குடித்து மீண்டவர் பேசுவதைக் கேட்கும்போது, நான் பேசுவதைவிட அவர் காது திறக்கும். உங்களைப் போன்ற மனைவிமாருக்கு அல்-அனான் கூட்டம் உண்டு. இடையில் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டால் ‘எல்லாம் போச்சு’ என்று வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள், மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.

இன்று ராத்திரியே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, அல்லது போதை மீட்புக்கென்றே இருக்கும் 14446. இரண்டும் இலவசம். அந்தப் பத்தாயிரம் ரூபாய் வீட்டிலேயே இருக்கட்டும், அவர் வேலைக்குப் போகாத நாட்களுக்கு அரிசி வாங்க வேண்டும். வரும்போது, போன முறை கிளினிக்கில் கொடுத்த சீட்டைக் கையோடு எடுத்து வாருங்கள்.