கீமோ எடுப்பவர்களிடம் டேப்லெட் கணினியில் அறிகுறிகளைக் குறிக்கச் சொல்வது எதற்கு?

வந்துபோய் சிகிச்சை எடுக்கும் புற்றுநோயாளி, தனக்கு வலி, வாந்தி, மூச்சுத்திணறல், சோர்வு எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று டேப்லெட்டிலோ வீட்டிலிருந்து இணையம் வழியாகவோ தானே குறிப்பதுதான் இது. நிலைமை மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும்.

ஏன் தேவை? இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விழுகிறது, அதற்குள் பட்ட பாட்டில் பாதி மறந்துவிடும், மீதியையும் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "பரவாயில்லை டாக்டர்" என்று விழுங்கிவிடுகிறோம். சுவரில் ஈரம் தெரிந்த அன்றே பார்த்தால் சின்னப் பூச்சு வேலையோடு முடியும், விட்டால் கூரையே ஒழுகும், அதே கதைதான்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவில், பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் 31.2 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு அது 26 மாதங்கள். புது மருந்து எதுவும் தராமல், கேட்டதாலும் உடனே கவனித்ததாலும் இத்தனை வித்தியாசம். அவசர சிகிச்சைக்கு ஓடுவதும் குறைந்தது.

அப்புறம், பலர் இதை அவசர உதவி எண் மாதிரி நினைக்கிறார்கள், அப்படி இல்லை: கீமோ காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.