மறுநாளே எழுப்பி நிற்க வைப்பது சரிதானா?

கேள்வி: என் அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. ‘விரைவு மீட்புத் திட்டம்’ என்று சொல்லி, இப்போதிருந்தே தினமும் நடக்கச் சொல்கிறார்கள். அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்களாம். படுக்கையைக் காலி செய்யத்தான் இந்த அவசரமோ என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: அம்மாவின் பயம் நியாயமானதே; ‘விரைவு’ என்ற பெயர்தான் அந்தப் பயத்தைக் கிளப்பிவிடுகிறது. 1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் குடல் அறுவை சிகிச்சைகளில் முன்வைத்த இந்த அணுகுமுறை பின்னர் மற்ற அறுவைகளுக்கும் பரவியது; உணவுக்குழாய் அறுவைக்கென்றே தனி வழிகாட்டுதல் 2019இல் வெளியானது. சீக்கிரம் வீடு திரும்புவது இதன் விளைவே தவிர, நோக்கம் அன்று.

உணவுக்குழாயின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, இரைப்பையைக் குழாய் வடிவில் அமைத்து மார்புக்குள் மேலேற்றி இணைப்பதுதான் பெரும்பாலும் செய்யப்படும் முறை. வயிறும் மார்பும் ஒருசேரப் பாதிக்கப்படுவதால் வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாகவே மூச்சுவிடுவார். படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கி, நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். ஆகவேதான் முதுகுத்தண்டை ஒட்டி மரப்பு மருந்து செலுத்தி வலியை அடக்கி, மறுநாளே உட்காரவும் நிற்கவும் வைக்கிறார்கள். வலியை அடக்காமல் நடக்கச் சொன்னால் அது கொடுமை. கேட்காமலேயே வலியைச் சொல்லும்படி அப்பாவிடம் கூறிவையுங்கள்.

என்னைக் கேட்டால், இத்திட்டத்தின் உயிர்நாடி அறுவைக்கு முந்தைய வாரங்களில்தான் இருக்கிறது. விழுங்க முடியாமல் எடை குறைந்து வருபவர்களுக்குப் புரதம் மிகுந்த நீர்மமான உணவும், தேவைப்பட்டால் குழாய்வழி உணவும் தந்து உடலைத் தேற்ற வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப்பயிற்சிக் கருவியை வாயில் வைத்து, ஊதாமல், நிதானமாக உள்ளிழுத்துப் பந்துகளை மேலே நிறுத்தப் பழக வேண்டும். (ஊதிவிட்டு ‘எழும்பவில்லையே’ என்பவர்களே அதிகம்.) இருமும்போது மடித்த துண்டைத் தையல்மீது அணைத்துப் பிடிக்கவும் இப்போதே கற்றுக்கொள்ளலாம்.

அறுவைக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்பது பொதுவிதி. உணவுக்குழாய் அடைபட்டவர்களுக்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதால் மயக்க மருத்துவரின் சொல்லே இறுதியானது. மூக்கில் செருகிய குழாய், மார்புக்குழாய், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றைத் தேவை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். தொந்தரவாக இருக்கிறதென்று அப்பா தாமாக எதையும் இழுத்துவிடக் கூடாது.

இணைப்பில் கசிவு ஏற்பட்டால் கால அட்டவணை முழுவதும் தள்ளிப்போகும். அப்போது பிடிவாதமாக அதன்படி நடத்த மாட்டார்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சல், மூச்சுத்திணறல், மார்புவலி, படபடப்பு ஆகியவற்றில் ஏதேனும் தலைகாட்டினால் நள்ளிரவானாலும் யாரை அழைப்பது என்பதை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.