ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயசு 36. அப்பாவுக்கு 49லயே ஹார்ட் அட்டாக். லேப்ல செக்கப்போட 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' டெஸ்ட்டும் எடுத்தா அடைப்பை முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம்னு சொல்றாங்க. எடுக்கவா? வைட்டமின் ஈ மாத்திரையும் போடலாமா?

பதில்: அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்குள்ள வந்திருந்தா அது நமக்கும் ஒரு ரிஸ்க்தான், அதனால உங்க பயம் நியாயமானது, இப்பவே கேட்டீங்களே அது ரொம்ப நல்லது. அந்த டெஸ்ட்டுக்குப் பின்னாடி இருக்குற அறிவியல் பொய் இல்லீங்க. எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு ரத்தக்குழாய் சுவருக்குள்ள போய் மாட்டிக்கிட்டு அங்கயே ஆக்ஸிடைஸ் ஆகுது, பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே கிட்டத்தட்ட அந்த மாதிரி கெட்டுப்போகுது, அதை வெள்ளையணுக்கள் அள்ளி அள்ளி முழுங்கி உப்பிப் போய் அங்கயே தங்கிடுது, அடைப்பு ஆரம்பிக்கிறது இப்படித்தான். கொரியா போர்ல இறந்த அமெரிக்க சிப்பாய்கள் 300 பேரோட இதயத்தை ஆராய்ஞ்சு 1953ல எழுதினாங்க, சராசரி வயசு வெறும் 22, அதுல முக்கால்வாசிப் பேருக்கு மேல இதய ரத்தக்குழாய்ல அப்பவே பாதிப்பு தெரிஞ்சுது.

ஆனா அந்த டெஸ்ட்ல ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல், எம்டிஏ, ஐசோப்ரோஸ்டேன்னு, கொழுப்பு இப்படிக் கெட்டுப்போறப்ப உண்டாகுற பொருள்களை அளக்குறதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிக்குத்தான் உதவுது. சிகரெட் பிடிச்சாலும் ஏறும், சுகர் இருந்தாலும் ஏறும், உடம்பு பருமனா இருந்தாலும் ஏறும், உங்க இதயக்குழாய்ல அடைப்பு இருக்கா இல்லையான்னு அந்த நம்பர் சொல்லாது. அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க.

வைட்டமின் ஈ வேண்டவே வேண்டாம். 9,500 பேருக்கு மேல வச்சு ஹோப்னு ஒரு பெரிய ஆய்வு, தினம் 400 யூனிட், நாலரை வருஷம் குடுத்துப் பாத்தாங்க, 2000ல ரிசல்ட் வந்துச்சு, மாரடைப்பு கொஞ்சமும் குறையல. தொடர்ந்து கவனிச்சதுல ஹார்ட் ஃபெயிலியர் கூடினதுதான் தெரிஞ்சுது. கெட்டுப்போறதைத் தடுத்தா போதும்னு நாங்க எல்லாரும் நம்பின காலம் அது, ஆனா சுவருக்குள்ள போற எல்டிஎல்லையே குறைச்சாத்தான் பலன் கிடைக்குது.

நீங்க எடுக்க வேண்டியது லிப்பிட் புரொஃபைல்ங்கிற கொழுப்பு டெஸ்ட், மூணு மாச சராசரி சுகர், பிபி, அப்புறம் முக்கியமா லிப்போபுரோட்டீன் ஏ, அதாவது எல்டிஎல் மாதிரியே ரத்தத்துல ஓடுற ஒரு கொழுப்புத் துகள். இது பரம்பரையா வர்றது, ஆயுசுல ஒரு தடவை பாத்தா பெரும்பாலும் போதும், ரத்தத்துல ஆக்ஸிடைஸ் ஆன கொழுப்பைச் சுமக்குறதுல இதுக்குத்தான் பெரிய பங்கு. உங்களுக்கு அது அதிகமா இருந்தா கூடப் பொறந்தவங்களையும் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுக்க வைங்க.