விலங்குக் கூட்டங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டா?

சிங்கக் கூட்டத்தைப் 'பெருமை' என்றும் காக்கைக் கூட்டத்தைக் 'கொலை' என்றும் பொருள்படும் சொற்களால் ஆங்கிலம் அழைப்பதைப் போலத் தமிழிலும் விந்தையான பெயர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் படிக்கும் என் மகள், ஆங்கிலத் தேர்வுக்காக அச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது இதையே கேட்டாள். எல்லாவற்றுக்கும் 'கூட்டம்' என்று சொல்லிச் சமாளித்தேன். அது அரைகுறை விடை.

ஆங்கிலச் சொற்களில் பல, வேட்டையாடிய சீமான்களின் வழக்கிலிருந்து வந்தவை. 1486இல் இங்கிலாந்தில் அச்சான, வேட்டை பற்றிய செயின்ட் ஆல்பன்ஸ் நூலின் பட்டியலிலேயே சிங்கத்தின் 'பெருமை' இருக்கிறது. அதே பட்டியல் கன்னியாஸ்திரீகளின் கூட்டத்துக்குத் 'தேவைக்கு மிஞ்சியது' என்ற பொருளில் ஒரு பெயர் தருவதால், அது பாதி விளையாட்டாகவே தொகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

தொல்காப்பிய மரபியல், பார்ப்பு, பறழ், குருளை, மறி என இளமைப் பெயர்களை மட்டும் ஒன்பதாக வகுத்து, ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தனியே அடுக்குகிறது. கூட்டத்துக்கு அப்படியொரு பட்டியலை அது தரவில்லை. எந்த விலங்கு என்பதைவிட, அது எவ்வாறு சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே தமிழர் பெயரிட்டார்கள் என்று தோன்றுகிறது. நிரை என்றால் வரிசை. பசுக்கூட்டம் ஆநிரை ஆயிற்று, அதைக் கவர்வதும் மீட்பதும் வெட்சி, கரந்தை எனப் போரைப் பாடும் புறத்திணைக்குள் இடம்பெற்றன. எறும்புகள் சாரையாகச் செல்கின்றன, ஈக்கள் மொய்க்கின்றன. ஆடுகளோ மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும்போது மந்தை, எருவுக்காக இரவில் வயலில் மடக்கி நிறுத்தும்போது கிடை, அடைத்து வைக்கும் இடம் பட்டி. ஒரே ஆடுகள் ஒரு பகலும் இரவும் கழிவதற்குள் பெயர் மாறிவிடுகின்றன. ஆங்கிலத்தின் வேடிக்கைச் சொற்களைவிட இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள நம் தேக்காவை ஒட்டிய காண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கும் எருமைப் பட்டி என்பதே பொருள்.)

ஆகவே மொழிபெயர்க்கும்போது காக்கைகளின் 'கொலை' என்று எழுதிவிடாதீர்கள். குறள் 527இல் தன் இனத்தைக் கரைந்தழைத்து உண்ணும் பறவைக்கு அது சற்றும் பொருந்தாது. பீஷான் பூங்காவிலும் மரினா பேயிலும் திரியும் நீர்நாய்களை இங்குள்ளவர்கள் வட்டாரப் பெயரோடு 'குடும்பம்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள். என் மகளும் தன் தமிழ்ப் பயிற்சி ஏட்டில் 'நீர்நாய்க் குடும்பம்' என்றே எழுதினாள், நான் திருத்தவில்லை.