புறநகரில் வீடு வாங்கினால் வசதிகளும் கலாசார வாழ்வும் கிடைக்குமா? நங்கநல்லூர்வாசி ஒருவரின் பதில்

கேள்வி: "சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீடு ஒன்று வாங்க எண்ணுகிறோம். அடிப்படை வசதிகளும், இசை, நூலகம் போன்ற கலாசார வாழ்வும் அங்கே இருக்குமா? அல்லது வாடகை கொடுத்தாவது நகரத்துக்குள் இருப்பதே நல்லதா?"

நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றும், பள்ளிக்குச் செல்லும் குழந்தை ஒன்று இருக்கலாம் என்றும், வங்கிக் கடனுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டு மனத்துக்குச் சமாதானம் தேடுகிறீர்கள் என்றும் நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். "புறநகரில் கலாசாரம் இருக்குமா" என்ற கேள்வியை என் மைத்துனர் முதற்கொண்டு மயிலாப்பூர் உறவினர்கள் பலர் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து முழுப் பதிலையும் சொல்ல முடிந்ததில்லை என்பதால், இங்கே சற்று நீளமாகவே சொல்லப் போகிறேன்.

நான் எண்பதுகளின் இறுதியில், சென்னையின் தென்புறநகரான நங்கநல்லூரில் மனை வாங்கி வீடு கட்டியவன். அன்றைக்கு எங்கள் பகுதி சென்னை மாநகராட்சியில் இல்லை; ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்க் உண்டு. அது நிரம்பினால் கழிவுநீர் லாரிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். லாரி வருவது அந்த ஓட்டுநரின் தயவைப் பொறுத்தது. உறிஞ்சிக்கொண்டு போன கழிவை அவர்கள் எந்தக் காலி நிலத்தில் கொட்டினார்கள் என்பதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் தொட்டியும் தெருவும் ஒன்றாகிவிடும். கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தும் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு வந்த ஆண்டுகள் எனக்கு நினைவிருக்கின்றன. ஆகவே "வசதி" என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாதாளச் சாக்கடைதான். சங்கீத சபா அதற்குப் பிறகுதான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி ஒரு காரியம் செய்தது. சுமார் 34 கோடி ரூபாயில் பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றை வகுத்து, அதற்கான பணத்தில் ஒரு பங்கை மக்களே முன்கூட்டித் தர வேண்டும் என்று கேட்டது. ஒரு வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய். மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் மானியமும். பெருங்குடியில் அமையும் சுத்திகரிப்பு நிலையத்தை ஒரு தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் கட்டி, இயக்கி, பின்னர் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியாவில் ஒரு நகராட்சி இவ்வாறு செய்தது இதுவே முதல் முறை என்று பிற்காலத்தில் பாடப்புத்தகம் போல எழுதினார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாகப் பிரசாரம் செய்ய வைத்தார். நான் எந்தக் கட்சிக்காரனும் அல்லன். அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி இங்கே யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்தில் அப்போது நான் செயலாளர். ஐயாயிரம் ரூபாய் என்பது அன்று ஒரு கடைநிலை ஊழியரின் மாதச் சம்பளத்தைவிட அதிகம். மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். "முதலில் குழாயைப் பதிக்கட்டும், பிறகு பணம் தருகிறேன்" என்றார் ஒருவர். "பணம் கட்டினால்தான் குழாய் பதிப்பார்கள்" என்றேன். "அப்படியானால் நகராட்சி எதற்கு?" என்றார். அந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு; ஆனால் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்றுவரை லாரிக்குத்தான் காத்திருப்போம். வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, வாடகைக்கு இருப்பவர் "எனக்கென்ன" என்று கையை விரித்த வீடுகள் சில. கணவரை இழந்து ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஓர் அம்மா, யாரும் கேட்பதற்கு முன்பே பணத்தை எண்ணி உறையில் போட்டு என் மனைவியிடம் கொடுத்து, "அவரிடம் சொல்லி ரசீது மட்டும் வாங்கிக் கொடும்மா" என்றார். அந்த உறையைக் காட்டித்தான் மற்றவர்களின் வாயை அடைத்தேன் என்பதை இப்போது சொன்னால் பாதகமில்லை. நான் கமிஷன் வாங்குகிறேன் என்றுகூடப் பேசினார்கள். ஒவ்வொருவரையும் நகராட்சி அலுவலகத்துக்கே அழைத்துப் போய், அவரவர் பெயரில் அவரவர் கையாலேயே கட்டச் செய்தேன். ஊர்ப் பணத்தைக் கையில் தொடாமல் இருப்பதுதான் சங்க வேலையில் முதல் பாடம்.

பிறகு தெருக்களைத் தோண்டினார்கள். அந்தக் கூத்தை விவரிக்கப் போவதில்லை. மழையில் தோண்டிய தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும், வாழாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. ஆனால் இணைப்பு வந்து, செப்டிக் டேங்கில் மணலைக் கொட்டி மூடிய பிறகு, தெருவின் வாடையே மாறியது. மனைகளின் விலையும் மாறியது. அன்று "நகராட்சி எதற்கு" என்று கேட்டவர்தான் தம் வீட்டை விற்கும்போது "பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டு" என்று விளம்பரத்தில் முதல் வரியாகப் போட்டார்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், புறநகரில் வசதி "இருக்குமா" என்று பார்ப்பதைவிட, அந்த வசதியை யார் கேட்டு வாங்கினார்கள், அவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று பார்ப்பதே பயன்படும். 2011இல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு மண்டலம் 12 ஆயிற்று. பெருமைப்பட்டவர்கள் பலர், நான் அவர்களில் ஒருவன் அல்லன். முன்பு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், தலைவரையே பார்த்துக் குப்பைத் தொட்டி கேட்கலாம். இப்போது செயலியில் புகார் கொடுத்தால் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. குப்பை அங்கேயேதான் கிடக்கிறது. மாநகராட்சியில் வேலையே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. மழைநீர் வடிகால் பணிகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் ரயில் பாதைக்கு அடியில் செல்லும் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையைக் கனமழை பெய்த மறுநாள் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மெட்ரோ 2016இல் வந்துவிட்டது, உண்மைதான்; ஆனால் "நங்கநல்லூர் ரோடு" என்று பெயர் தாங்கிய அந்த நிலையம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் இருக்கிறது. தரகர் "மெட்ரோ பக்கத்திலேயே" என்று சொன்னால், சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளில் எப்படிப் போவது என்று கேளுங்கள்.

இனி கலாசாரம். நங்கநல்லூர் என்றதும் எல்லோரும் 1995இல் குடமுழுக்குக் கண்ட, 32 அடி உயரமுள்ள ஆஞ்சநேயரைச் சொல்வார்கள். ராஜராஜேஸ்வரி, குருவாயூரப்பன் என்று கோவில்கள் ஏராளம். நவராத்திரியிலும் மார்கழியிலும் ஏதேனும் ஒரு மண்டபத்தில் கச்சேரி கேட்காத நாள் குறைவு. "கோவிலைத்தான் கலாசாரம் என்கிறீர்களா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஆடி மாதத்தில் ஆதம்பாக்கத்துத் தெருக்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கேட்கும் பம்பையும் உடுக்கையும், டிசம்பரில் பரங்கிமலை தேவாலயத் திருவிழாவுக்குப் படியேறும் கூட்டமும் இதே ஊரைச் சேர்ந்தவைதான். ஆனால் நீங்கள் இசை என்று கேட்டதால் எனக்குத் தெரிந்த இசையைப் பற்றிச் சொல்கிறேன்.

என் மகள் பாட்டுக் கற்றது பக்கத்துத் தெருவில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக் கூடத்தில். அவளுடைய முதல் மேடை கோவில் மண்டபம். அங்கே மைக் கொரகொரக்கும். நடுவில் அர்ச்சனை மணி அடிக்கும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர் தாளத்தைத் தப்பாகப் போட்டுக்கொண்டே தலையாட்டுவார். ஆனால் மயிலாப்பூர் சபாவில் நண்பகல் நேரத்தில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடும் இளம் பாடகிக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்தது: அடுத்த நாள் காய்கறிக் கடையில் "நேற்றுக் கல்யாணி ராகத்தில் ஏனம்மா அவசரப்பட்டாய்?" என்று கேட்ட ரசிகர்கள். புகழ்பெற்ற வித்வான்களைக் கேட்க நகரத்துக்குத்தான் போக வேண்டும், அதை மறுக்கவில்லை. 2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்த பிறகு, ஆட்டோவில் வேளச்சேரி போய், ரயிலேறி மயிலாப்பூரின் திருமயிலை நிலையத்தில் இறங்கிவிடலாம். கடைசியில் வரும் சிறு பாடல்களான துக்கடா வரை உட்காராமல், தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் எழுந்து வருகிற புறநகர்க்காரர்களை அங்கே முறைத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நூலகம் என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். நீங்கள் வீடு வாங்கியதும் சொத்துவரி கட்டுவீர்கள் அல்லவா? அந்த வரியின் மீது ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி சேர்த்தே வாங்கப்படுகிறது. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழிவந்த வரி இது; அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். இந்த நாட்டில் வேறு பல மாநிலங்களுக்கு இல்லாத ஏற்பாடு. வரி கட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒன்று கட்டுகிறோம் என்பதே தெரியாது. நான் உறுப்பினராக இருந்த கிளை நூலகம் ஒன்று வாடகைக் கட்டடத்தில் இயங்கியது. மழை பெய்தால் குறிப்பு நூல்கள் இருக்கும் அலமாரியின் மேல் ஒழுகும். வாசகர் வட்டத்தின் சார்பில் மனு எழுதினோம். வாடகைக் கட்டடம் என்பதால் பழுதுபார்க்க நிதி ஒதுக்க இயலாது என்று பதில் வந்தது. கட்டட உரிமையாளரிடம் போனால், இந்த வாடகைக்கு ஓடு மாற்ற முடியாது என்றார். இரண்டு பதில்களும் தனித்தனியே நியாயமாகத்தான் தெரிந்தன. நனைந்தவை அபிதான சிந்தாமணியும் கலைக்களஞ்சியமும். கடைசியில் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தோம். வரியும் கட்டிவிட்டுத் தார்ப்பாயும் வாங்கிய வாசகர்கள் நாங்கள்.

இதற்கு நூலகரைக் குறை சொல்ல மாட்டேன். ஒற்றை ஆளாக இருந்து புத்தகம் கொடுத்து வாங்கி, நாளிதழ்களை அடுக்கி, போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நாற்காலி தேடித் தரும் அவரிடம் கோபப்பட்டு ஆவதென்ன? உள்ளாட்சிகள் வசூலிக்கும் நூலக வரி உரிய காலத்தில் நூலகங்களுக்குப் போய்ச் சேருவதில்லை என்ற புகார் நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. பாதாளச் சாக்கடைக்கு முன்பணம் கட்டிய ஊர் நூலகத்துக்கும் முன்பணம் கட்டியிருக்கும், யாராவது மொட்டை மாடியில் கூட்டம் போட்டிருந்தால். போடவில்லை. சாக்கடை நாறினால் எல்லோருக்கும் நாறும்; நூலகம் ஒழுகினால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே, வாங்கலாம் என்பதே என் கருத்து. நகரத்துக்குள் வாடகைக்கு இருப்பவர்கள் என் மீது பாய வேண்டாம், அவரவர் கணக்கு அவரவருக்கு. வாங்குமுன் விற்பவரிடம் பாதாளச் சாக்கடை இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, கட்டணம் நிலுவையில்லாமல் இருக்கிறதா என்பதை ரசீதோடு கேளுங்கள். அந்தத் தெருவுக்கு நலச்சங்கம் இருக்கிறதா, அது கொடியேற்றுவதற்கு மட்டும் கூடுகிறதா என்று கேளுங்கள். பக்கத்துக் கிளை நூலகத்துக்கும் ஒருமுறை போய்க் கூரையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை.