பொரியும் வேட்டியும்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியனாக இருக்கிறேன். சுற்றுச்சூழல் பற்றி மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன். தாமிரபரணி கெட்டுப்போவது வேதனை தருகிறது என்று அநேகமாக எல்லாருமே எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலமே அதே பிள்ளைகள் பிளாஸ்டிக் டம்ளரில் ஜூஸ் குடித்துவிட்டு வாய்க்கால் ஓரம் வீசிவிட்டுப் போனார்கள். அக்கறை என்று சொல்வதெல்லாம் பொய்தானா? படித்தவர்களே இப்படி என்றால் படிக்காத ஜனங்களுக்கு விழிப்புணர்வு எப்படி வரும்? மஞ்சப்பை, மின்சார ஸ்கூட்டர் இவற்றால் ஏதாவது மாறுமா? ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் மாணவர்களோடு பதாகை பிடித்து நிற்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செ.

அன்புள்ள தம்பி செ.,

மஞ்சப்பை நல்லது, எடுத்துப் போங்கள். மின்சார ஸ்கூட்டர் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல வேறு ஒன்றுமில்லை. பாபநாசம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு இரண்டு நாளாக வேறு நினைப்பு ஓடவில்லை.

அப்பா இறந்த மறுவருஷம் ஆடி அமாவாசைக்கு அங்கே போனேன். தாமிரபரணியைப் பற்றி அதற்குள் நிறைய எழுதியிருந்தேன், மேடையிலும் பேசியிருந்தேன். தர்ப்பணம் முடிந்ததும் கோயிலுக்கு முன்னால் மீன்களுக்குப் பொரி போட்டேன். கை ஈரமாக இருந்ததால் பொரி ஒட்டிக்கொண்டது, உதறி உதறிப் போட்டேன். பெரிய மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. அப்பா இருந்திருந்தால் 'ஏல, அங்க பாரு' என்று தோளைப் பிடித்து உலுக்கியிருப்பார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் கரையில் வேறு வேட்டி மாற்றிக்கொண்டேன். கட்டிக் குளித்த ஈர வேட்டி கையில் இருந்தது. அப்பாவுடையது. முன்னால் நின்றவர் தன் வேட்டியை ஆற்றில் விட்டார். அவருக்கு முன்னால் நின்றவரும் விட்டிருந்தார். 'விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வாங்க' என்று யாரோ சொன்னார்கள். நானும் விட்டேன்.

சித்திரையில் தண்ணீர் வற்றிக் கிடந்தபோது மறுபடி போனேன். பாறை இடுக்கெல்லாம் துணி. மரத்தின் வேரில் சேலையும் கைலியும் சட்டையும் முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பாசி பிடித்துக் கறுத்திருந்தது. கையால் வழித்துவிட்டுப் பார்த்தால் அடியில் பச்சைக் கரை, நிறம்கூட மங்கவில்லை. பாலியஸ்டர். அப்பாவின் வேட்டியும் அந்த ரகம்தான். அது இதுவாக இருக்காது என்று தெரிந்தும் அந்த இடத்தைவிட்டு என்னால் எழுந்து வர முடியவில்லை. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் தம்பி இது.

இப்போது சொல்லுங்கள், எனக்கு விழிப்புணர்வு இல்லையா? நன்றாக விழித்துக்கொண்டுதான் வேட்டியை விட்டேன். பொரி போட்டதற்கும் அதற்கும் நடுவே கால் மணி நேரம்கூட இல்லை. மீனைப் பார்த்துக் கலங்கியதும் பொய்யில்லை. உங்கள் பிள்ளைகள் எழுதிய வேதனையும் பொய்யில்லை, அதை வைத்து அவர்களைக் குத்திக்காட்டாதீர்கள். கேள்வித்தாளைக் கொடுத்தால் மனசில் இருப்பதை எழுதுவார்கள். ஜூஸ் கடையில் அவர்கள் மனசை யார் கேட்டார்கள்?

எங்கள் காலத்தில் ரோட்டோரம் பதநீர் குடித்தால் பனையோலைப் பட்டையில்தான் ஊற்றித் தருவார்கள். குடித்துவிட்டு அங்கேயே வீசுவோம். ஆடு தின்னும், இல்லையென்றால் மக்கிப்போகும். வாழையிலையையும் அப்படித்தான் வீசினோம். ஆற்றில் விட்ட வேட்டியும் அன்று பருத்தி. கொஞ்ச நாளில் இற்றுப்போகும். நம் பாட்டன்மார் ஒன்றும் ஆற்றைக் காப்பாற்ற உறுதிமொழி எடுத்தவர்கள் இல்லை. நம்மைப் போலவே வீசினார்கள், வீசிய பொருளை மண் ஏற்றுக்கொண்டது. கை பழகியபடியேதான் இன்றும் வீசுகிறது. ஓலை இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கும், பருத்தி இருந்த இடத்தில் பாலியஸ்டரும் வந்ததை யாரும் கைக்குச் சொல்லவில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அந்த டம்ளர் எப்படி அந்தக் கடைக்கு வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

'படிக்காத ஜனங்கள்' என்று எழுதியிருப்பதுதான் எனக்குக் கோபம். இனி அப்படி எழுதாதீர்கள். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போயிருக்கிறீர்களா? அரசு அதைச் சரணாலயம் என்று அறிவித்தது 1994-ல். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர் சனம் பறவைகளைப் பார்த்துக்கொண்டது. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள்ளேயே வீட்டோரத்து மரங்களில் கூடு கட்டும். எச்சத்தின் நாற்றத்தைச் சகித்துக்கொண்டு கீழே குடியிருக்கிறார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கை ஒன்று. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது இன்னொன்று. வெடி போடாத தெருவில் பிறந்த பிள்ளை வெடி போடாமலே வளர்கிறது. அவர்களுக்கு யார் போய்ப் பாடம் எடுத்தார்கள்?

அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு ஓட்டலில் சோதித்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். துண்டைத் துவைக்கப் போடாமல் மறுபடி உபயோகித்து இயற்கையைக் காப்பாற்றுங்கள் என்று சில அறைகளில் அட்டை வைத்தார்கள். அதைப் பார்த்து 100-க்கு 35 பேர் அளவில் செய்தார்கள். இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதி வைத்த அறைகளில் 44 ஆயிற்று. படித்தபோது எனக்கு அந்தப் படித்துறைதான் ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் வேட்டியைப் பிழிந்து பையில் வைத்திருந்தால் நானும் வைத்திருப்பேன்.

அதனால் பதாகை வேண்டாம் தம்பி. துக்கத்தோடு வருகிறவர்களுக்கு முன்னால் எழுத்தைத் தூக்கிப் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளில் அப்பாவையோ ஆச்சியையோ இழந்தவர்கள் இருப்பார்கள். அவர்களை வாளியோடு வரச் சொல்லுங்கள். முங்கி எழுந்து, துணியை எல்லாரும் பார்க்கப் பிழிந்து, வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகட்டும். விடியுமுன்னே வந்தால்தான் படியில் முன்னால் நிற்க இடம் கிடைக்கும். நானும் வருகிறேன். எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.