ஈறில் ரத்தம்: குச்சியா, கஷாயமா?

கேள்வி: பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. வேப்பங்குச்சிக்கு மாறலாமா டாக்டர்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. வீங்கிய ஈறில் குச்சியின் நார் குத்தினால் புண்தான் மிஞ்சும். நான் கருவேலம்பட்டையைத்தான் சொல்வேன். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்றார்களே, அந்த வேல். பட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈறை இறுக்கும். இரண்டு ஸ்பூன் பட்டைத்தூளை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொப்பளியுங்கள். நாக்கைச் சுருக்கென்று இழுக்கும். அது துவர்ப்பு, பயப்படாதீர்கள். விழுங்க வேண்டாம். மென்மையான பிரஷ்ஷை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. ரத்தம் கசியப் பெரும்பாலும் காரணம் ஈறோரம் பல்லில் படியும் காரை, அதாவது அழுக்குப் படலம். அது கல்லாக இறுகிவிட்டால் எந்தக் கஷாயமும் கரைக்காது. பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்கவேண்டும். முதலில் அவரைப் பாருங்கள்.